உப்புவெளி இங்கிலீஷ் வகுப்பு: இலக்கணம் சுமார், சொற்கதை சூப்பர்

உப்புவெளிப் பக்கம் பின்னேரம் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், சேர் சொல்லும் சொற்கதைகளுக்காகவே காசு கொடுக்கலாம். மசில் என்றால் லத்தீனில் 'சின்ன எலி' என்றதும் பெடியள் எல்லாரும் கையை மடக்கிப் பார்த்தார்கள். ஏப்ரன் முதலில் நேப்ரன்தான்; 'எ நேப்ரன்' என்பதை ஆங்கிலேயரே 'அன் ஏப்ரன்' என்று பிழையாகப் பிரித்து முதல் எழுத்தைத் தொலைத்துவிட்டார்கள், நாம் பிழைவிட்டால் மட்டும் சிரிப்பு. கட்டமரான் நம்முடைய கட்டுமரம், செரூட் நம்முடைய சுருட்டு. சேலரிக்கு வேர் லத்தீன் உப்பு, அது சரி. ஆனால் ரோமப் படைவீரருக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று அவர் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. மற்றபடி இடம் நெருக்கம், பேசவைப்பதும் குறைவு. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வேறு வகுப்புப் பாருங்கள்.