லோ வாலா, ஸ்டீவன்ஸ் 44ஆ?

அமெரிக்காவுல 1930கள்ல .22 ஹார்னெட் தோட்டா வந்ததும், வயலைக் கெடுக்குற வுட்சக் (வளை தோண்டுற அணில் இனப் பிராணி) சுடறதுக்குன்னு பழைய சிங்கிள் ஷாட் (ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுற) ரைபிளுக்கு புது பேரல் போட்டு மாத்துறது பரவலாச்சு, அதுக்கு எது நல்லதுன்னு கேட்டா எனக்கு வின்செஸ்டர் 1885 லோ வால்தான். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கோட டிசைன், தோட்டாவுக்குப் பின்னாடி அடைக்குற பிளாக், ரிசீவருக்குள்ள (துப்பாக்கியோட நடு உடம்பு) மேல கீழ ஏறி இறங்கி நல்லா பிடிச்சு நிக்கும், ஆனா தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்குற பழைய ஃபயரிங் பின் தடிமனா இருக்கும், அதை ஒல்லியாக்காம, அது வர்ற ஓட்டையைச் சின்னதாக்க புஷ் (உள்வளையம்) போடாம விட்டா பிரைமர் (தோட்டா அடியில தீ பிடிக்குற மூடி) கிழிஞ்சு வெடிச்ச வாயு முகத்துக்கே வரும், இதுல மட்டும் தயவுசெஞ்சு காசு மிச்சம் பிடிக்காதீங்க.

இன்னொரு பழைய சிங்கிள் ஷாட்டான ஸ்டீவன்ஸ் 44 கைக்கு லேசு, அழகு. ஆனா ஆக்‌ஷன் (தோட்டாவைப் பூட்டுற அமைப்பு) வீக், ஹார்னெட் பிரஷர் வேண்டவே வேண்டாம், பிரஷர் கம்மியான .22 லாங் ரைபிள் தோட்டாவோட விட்டுடுங்க. ஸ்டீவன்ஸ்தான் வேணும்னா 1903ல வந்த 44½ தேடுங்க, அது லோ வால் மாதிரியே பிளாக் ஏறி இறங்குற ஃபாலிங் பிளாக், துப்பாக்கி வேலை செய்யுற நல்ல கன்ஸ்மித்கிட்ட காட்டிட்டு மாத்தலாம்.