பாப்-அப் ட்ரக் கேம்பர்: சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் எந்த ஆப்ஷனுக்குப் பணம் போடலாம், எதை விட்டுவிடலாம்

பாப்-அப் கேம்பர் பிக்கப் ட்ரக்கின் பெட்டில், அதாவது பின்புறச் சாமான் தட்டில், உட்காரும். ஓடும்போது கூரை மடங்கியிருக்கும். நிறுத்தித் தூக்கிவிட்டால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பேருக்கு இது அருமையான ஏற்பாடு. நாலு பேர், அதில் இரண்டு பேர் ஆறு வயதுக்குள் என்றால், வண்டி நன்றாக அமைவதும் அமையாததும் ஆப்ஷன் பட்டியலில் எதை டிக் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் தம்பதிகளை மனதில் வைத்துப் போடப்பட்டது. அதனால் கேட்க வேண்டியவை இரண்டு: குழந்தை எங்கே தூங்கும்? பிறகு சேர்க்கவே முடியாதது எது? இந்த இரண்டுக்கும் முதலில் பணத்தை ஒதுக்குங்கள். மற்ற ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக எடை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

எடை என்றால் உண்மையிலேயே கிலோக் கணக்கு. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பேலோடு எண்ணை, அதாவது வண்டி சுமக்க அனுமதித்த எடையை, பாருங்கள். 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேம்பர் காலியாக 550, ஆப்ஷன்கள் 150, தண்ணீர் 75, கேஸ் சிலிண்டர் இரண்டும் சேர்த்து 20, இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், சைல்டு சீட்டுகள் எல்லாம் சேர்ந்து 200, சாப்பாடு, துணி, சாமான் 120. கூட்டினால் 1,115 கிலோ. அனுமதித்ததைவிட 415 கிலோ அதிகம். பிரசுரத்தில் போட்டிருக்கும் எடை அநேகமாக ஆப்ஷன் எதுவும் இல்லாத, டேங்க் காலியான கேம்பருடையது என்பதால்தான் பலரும் இங்கே ஏமாறுகிறார்கள். சில நாடுகளில் பேலோடு எண்ணிலேயே டிரைவருக்கு 75 கிலோ கழித்திருப்பார்கள். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்பக்கம் தணிகிறதே என்று ஏர் பேக் ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆக்ஸில், பிரேக், டயர் தாங்கும் அளவு ஒரு கிலோகூட ஏறாது. அரை டன் வகுப்பு பிக்கப்பில் (முழு அளவு பிக்கப்புகளில் மிக இலகுவான வகுப்பு) நாலு பேர் போக வேண்டுமானால் எலும்புக்கூடு மாதிரியான ஷெல் கேம்பர்தான் சரிப்படும். முழு வசதி வேண்டுமானால் முக்கால் டன் வண்டியிலிருந்து தொடங்குங்கள்.

குழந்தைகள் பயணிக்க வேண்டிய இடம் வண்டியின் கேபின், சைல்டு சீட்டில், பெல்ட் போட்டு. ஓடும் வண்டியில் கேம்பருக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஆகவே நாலு கதவு கேபின் கட்டாயம். நாலு கதவு கேபினோடு நீளமான பெட் வேண்டுமென்றால் வண்டியே மிக நீளமாகிவிடும். அதனால் பெரும்பாலும் 5.5 அல்லது 6.5 அடி பெட்தான் கிடைக்கும். ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனத்தின் வரிசையில் ஹாக் 6.5 அடி பெட்டுக்கானது, கிராண்ட்பி 8 அடிக்கானது. இடையில் இருக்கும் ஒன்றரை அடி காகிதத்தில் சின்னதாகத் தெரியும். உள்ளே போனால், குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாட இடம் இருக்குமா இருக்காதா என்பதை அந்த ஒன்றரை அடிதான் முடிவு செய்கிறது.

அடுத்தது உள் அமைப்பு. இதில்தான் மிக நிதானமாக யோசிக்க வேண்டும். கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்படுக்கை எல்லா அமைப்பிலும் உண்டு. பலகையை வெளியே இழுத்தால் ஏறக்குறைய 150 க்கு 200 செ.மீ. கிடைக்கும், இரண்டு பெரியவர்களும் ஒரு கைக்குழந்தையும் படுக்கலாம். இரண்டாவது குழந்தைக்குக் கீழே இடம் வேண்டும். டைனெட் (மேசையும் இருக்கைகளும் உள்ள அமைப்பு) எடுத்தால் மேசையை இறக்கி, மெத்தைகளை அடுக்கிப் படுக்கையாக்கலாம். இதில் கடையில் யாரும் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது: இரவு எட்டு மணிக்குக் குழந்தை அங்கே தூங்கிவிட்டால், பெரியவர்களுக்கு உட்கார உள்ளே வேறு இடமே கிடையாது. மேல்படுக்கையில் போய்க் குனிந்தபடி கிடக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே உட்கார வேண்டும். இதனால்தான் குடும்பத்துக்கு சைடு ஆனிங்கும் (பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தல்), மங்கலாக்கக்கூடிய வெளிவிளக்கும் ஆடம்பரம் இல்லை என்கிறோம். மாலையில் பெரியவர்களுக்கு அதுதான் கூடம்.

மேசை இல்லாமல் நீள சோபா உள்ள அமைப்பில் தினமும் எதையும் கழற்றி மாட்ட வேண்டாம். பகல் தூக்கத்துக்கும் தயாராக இருக்கும். நாலு வயதுக்குக் கீழே குழந்தை என்றால் சோபாவையே சிபாரிசு செய்வோம். பள்ளி போகும் வயது வந்தபின் வரையவும் எழுதவும் சாப்பிடவும் மேசை வேண்டியிருக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்காக வாங்கி எட்டு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் டைனெட்டையே எடுங்கள். எதை எடுத்தாலும் ஷோரூமில் அளவு டேப்பை விரித்துப் படுக்கை நீளத்தை அளந்துவிடுங்கள். 130 செ.மீ. நீளப் படுக்கை ஏழெட்டு வயதில் போதாமல் போகும்.

மேல்படுக்கை கேம்பர் தரையிலிருந்து பெரியவரின் நெஞ்சு உயரத்தில் இருக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை பங்க் கட்டிலின் மேல்தட்டில் படுக்கவைக்க வேண்டாம் என்று வீட்டுக் கட்டிலுக்கே எச்சரிக்கை உண்டு. கைக்குழந்தை மேலே உங்களோடு படுக்குமானால் திறந்த ஓரத்தில் வலுவான வலைத் தடுப்பு வேண்டும். அதை மெத்தைக்கு அடியில் இருக்கும் பலகையில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும், வெல்க்ரோ தாங்காது. பக்கவாட்டில் இருப்பது துணிச் சுவர் என்பதையும் மறக்காதீர்கள். அது காற்றையும் மழையையும் தடுக்கும். சாய்ந்து தள்ளும் எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை. மேல்ஜன்னல் ஜிப் குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். துணிச் சுவரே வேண்டாம் என்பவர்களுக்கு அலாஸ்கன் என்ற நிறுவனத்தின் கேம்பர்கள் உண்டு. கெட்டிச் சுவர், ஹைட்ராலிக் தூக்கல். எடையும் விலையும் அதற்கேற்ப ஏறும்.

கூரையைக் கையால் தூக்குவதில் எல்லா வேலையும் தூக்கும் நேரத்தில் இல்லை. இறக்கும்போதுதான் தவறு நடக்கும். முதலில் கூரை ஃபேன் மூடியையோ கதவையோ திறந்து வையுங்கள். எல்லாம் மூடியிருந்தால், கூரை இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று துணியை வெளிப்பக்கம் தள்ளும்; துணி கூரை ஓரத்தில் சிக்கி, வழியில் அதிர்ந்து அதிர்ந்து அறுந்துவிடும். வெளியே சுற்றி ஓர் எலாஸ்டிக் கயிறு போட்டால் துணி உள்பக்கமாக மடியும். மடங்கும் பலகைகளில் விரல் நசுங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் குழந்தைகள் அப்போது கேபினில், சீட்டில் இருக்கட்டும். பிறகு ஒருவர் வண்டியை முழுதாகச் சுற்றி வந்து ஒவ்வொரு தாழையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சோலார் பேனல், ரேக், கயாக் என்று கூரைமேல் ஏற்ற ஏற்றத் தூக்குவது கடினமாகும். சமாளிக்க, தூக்க உதவும் கேஸ் ஸ்ட்ரட் வாங்கலாம். அதற்குப் பதில், இருவரில் பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கிப் பார்த்து, அவரால் முடிகிற அளவோடு கூரைச் சுமையை நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு சோதனை: கூரை மடங்கியிருக்கும்போதே ஃப்ரிட்ஜைத் திறக்க முடிகிறதா? டயப்பர் பை கைக்கு எட்டுகிறதா? நடுவழியில் பத்து நிமிட நிறுத்தத்துக்கெல்லாம் கூரையைத் தூக்க மனம் வராது.

குளிரில் துணிச் சுவர் வண்டிக்குப் பெரிய எதிரி ஈரம். நாலு பேர் மூச்சு விடும் ஈரம் இரவு முழுக்கத் துணியிலும் அலுமினியச் சட்டத்திலும் துளியாகப் படியும். இதற்கு மேல் வெளிக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்தால், எரியும் ஒவ்வொரு கிலோ ப்ரொப்பேனுக்கும் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும், ஆக்ஸிஜனும் குறையும். எனவே புகையை வெளியே விடும் ஃபர்னஸ் (கேஸில் ஓடும் ஹீட்டர்) அல்லது டீசல் ஹீட்டர் மட்டும்தான். ஃபர்னஸ் சத்தம் போடும், நன்றாகச் சூடாக்கும். டீசல் ஹீட்டர் மின்சாரம் குறைவாக எடுக்கும். உயரமான மலைப்பகுதியில் கரி படியும் தொல்லை உண்டு. உள்பக்கம் ஒட்டும் இரண்டாவது இன்சுலேஷன் துணியை நிச்சயம் வாங்குங்கள். எடை குறைவு, பலன் அதிகம். ஃபேன் இரண்டு திசையிலும் சுழல்வதாக இருக்க வேண்டும். இரவில் அதை மிகக் குறைந்த வேகத்தில் வெளியே இழுக்க விட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வையுங்கள். ஈரத்தோடு மடக்கி வீடு வந்தால் ஓரிரு நாளுக்குள் கூரையைத் தூக்கிக் காயவிட வேண்டும். தவறினால் தையலில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-ஹவர், குளிர் இரவில் ஹீட்டர் ஃபேனுக்கு 12, கூரை ஃபேன், விளக்கு, போன் எல்லாவற்றுக்கும் 18. மொத்தம் 70 பக்கம் வரும். 100 ஆம்பியர்-ஹவர் ஏ.ஜி.எம். பேட்டரியில் (ஒருவகை லெட்-ஆசிட் பேட்டரி) ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது பாதிதான். எடையோ 30 கிலோ. அதே அளவு லித்தியம் பேட்டரி 12 கிலோ சொச்சம், 80 தாராளமாக எடுக்கலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே ஹீட்டர் உள்ள வகையாகவோ, கேம்பரின் உட்புறத்திலோ இருக்கட்டும். 160 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 40 முதல் 50 ஆம்பியர்-ஹவர் தரும். மீதியை ஓடும் எஞ்சின்தான் தர வேண்டும். அங்கேதான் வயர் விஷயம் வருகிறது. வண்டி பேட்டரியிலிருந்து கேம்பர் வரை 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 5 சதுர மி.மீ. வயரில் 30 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. வயரில் 0.4 தான் போகும். ‘நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி நிறையவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் மெல்லிய வயர்தான் காரணம். தடித்த வயரும், எஞ்சின் மின்சாரத்தைக் கேம்பர் பேட்டரிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜரும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். கேஸிலும் ஓடும் மூவழி ஃப்ரிட்ஜை விட்டுவிடலாம். வண்டி சரிந்து நின்றால் அது ஒழுங்காகக் குளிராது. குழந்தையின் பாலை அதை நம்பி வைக்க முடியாது.

உள்ளே ஷவர் வேண்டாம். எடுத்துக்கொள்ளும் இடத்துக்குப் பயன் இல்லை. வெளிப்புற ஷவரும் சின்ன வாட்டர் ஹீட்டரும் போதும், சேறு படிந்த கால்களைக் கழுவ அது அடிக்கடி உதவும். எடுத்துச் சென்று கொட்டக்கூடிய போர்ட்டபிள் டாய்லெட் கட்டாயம். கழிப்பறைப் பயிற்சியில் இருக்கும் குழந்தை நடுராத்திரியில் காத்திருக்காது. அது குழந்தையின் படுக்கைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாத இடத்தில் இருக்கட்டும். அடுப்பு கதவோரம் இருந்தால் திருகுகளுக்குக் குழந்தைப் பூட்டு போடுங்கள். ப்ரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். அதனால் கேஸ் அலாரம் தரையோரம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் தனி, படுத்திருப்பவர் மூச்சு மட்டத்தில்.

பிறகு சேர்க்க முடியாதவை, அதாவது ஃபேக்டரியிலேயே கேட்டு வாங்க வேண்டியவை: கூடுதல் ஜன்னல், இரண்டாவது ஃபேனுக்கான துளை, சோலார் வயரிங், ரேக் மாட்டும் கூரைத் தடம், ஹீட்டர் குழாய், கேம்பரைத் தூக்கி நிறுத்தும் ஜாக்குக்கான பிராக்கெட். சுவரைப் பிரிக்காமல் இவற்றைப் பிறகு போட முடியாது. பேனல், ஆனிங், மெத்தை, பேட்டரியெல்லாம் பிறகு வாங்கலாம்; அதில் பணமும் மிச்சம். நாலு மூலை ஜாக்கையும் பயணத்தில் சுமக்க வேண்டியதில்லை, கழற்றி வீட்டில் வைக்கலாம். பின்கதவு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். டீலர் தரும் மடிப்புப் படி குழந்தைக் காலுக்கு இடைவெளி அதிகமாக இருக்கும். அகலமான, கைப்பிடி உள்ள படியை வாங்குங்கள்.

டெலிவரி எடுக்கும் அன்று பெட்டில் ரப்பர் மேட் விரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேம்பர் நகரும். கேம்பரைப் பெட்டோடு கட்டும் டர்ன்பக்கிள்களைக் கையால் இறுக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் மட்டும் முறுக்குங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் பெட்டின் தகட்டோடு கொக்கி பிய்ந்து வரும். 50 கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள், முதல் நாளில் கேம்பர் எப்படியும் கொஞ்சம் அமரும். பிறகு தண்ணீர், கேஸ், சாமான், குழந்தைகள் எல்லோரோடும் எடை மேடைக்குப் போய் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். பின் ஆக்ஸில் கதவு லேபிளில் உள்ள அளவைத் தாண்டினால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், அடுத்து கூரைமேல் உள்ளதை இறக்குங்கள். அதற்கும் குறையவில்லையென்றால் கேம்பர் உங்கள் வண்டிக்குப் பெரியது.