24 வோல்ட் 5 ஆம்பியர் என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

டி12 டிப் (ஹீட்டர் உள்ளேயே இருக்கும் சால்டரிங் முனை), கைப்பிடி, சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் மலிவாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டிலேயே சால்டரிங் ஸ்டேஷன் செய்வதற்காக நான் ஆன்லைனில் வாங்கியது மூடி இல்லாத ஒரு எஸ்.எம்.பி.எஸ். போர்டு, அதாவது வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட் டி.சி.யாக மாற்றும் பவர் சப்ளை. டிரான்ஸ்ஃபார்மர் மேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 24 வோல்ட், 5 ஆம்பியர், 120 வாட். விற்றவரின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, கடைப் பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு பக்கத்தில் விற்பார். சரக்கை அடையாளம் காட்டுகிறேன், அதுதான் உதவும்.

ஸ்விட்சைப் போட்டால் கன்ட்ரோலரின் திரை ஒழுங்காக எரியும். டிப் சூடேறத் தொடங்கியதும் திரை அணைந்துவிடும். உடனே திரும்ப எரியும், திரும்ப அணையும். கூடவே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டிக் டிக் என்று சன்னமாக ஒரு சத்தம். டிப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் சுத்தமாகக் காட்டுகிறது. இதைச் சொன்னதும் விற்றவர் பிடித்துக்கொண்டார்: "24 வருகிறதே சார், உங்கள் கன்ட்ரோலர்தான் போச்சு."

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து நல்ல கன்ட்ரோலரைத் தூக்கி எறிகிறார்கள். லோடு (மின்சாரம் இழுக்கும் கருவி) இல்லாதபோது 24 வோல்ட் வருவது ஒரு விஷயமே இல்லை, எந்த ஓட்டைச் சப்ளையும் அதைக் காட்டும். டி12 டிப்பின் ஹீட்டர் ஏறத்தாழ 8 ஓம். 24 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர், அதாவது 72 வாட் இழுக்கும். கன்ட்ரோலர் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கிறது, சராசரி குறைவுதானே என்று சிலர் சொல்வார்கள். சராசரி குறைவாக இருக்கலாம், ஆனால் கன்ட்ரோலர் மின்சாரம் விடும் ஒவ்வொரு கணமும் முழு 3 ஆம்பியர் போகிறது. சப்ளையால் அதைத் தாங்க முடியாவிட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், சற்றுப் பொறுத்து மறுபடி கிளம்பிப் பார்க்கும். அந்த டிக் டிக் அதுதான்.

குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். முதலில் அதே கன்ட்ரோலரை 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் மாட்டினேன். டிப் 2.4 ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டு சமர்த்தாகச் சூடேறியது, திரை ஒருமுறைகூட அணையவில்லை. அடுத்து, கன்ட்ரோலரே இல்லாமல் சப்ளைக்கு நேரடியாக ரெசிஸ்டர் லோடு. அலுமினிய உறை போட்ட 100 வாட் ரெசிஸ்டரை ஹீட்சிங்கில் திருகி வைத்துச் சோதிக்க வேண்டும், சின்ன ரெசிஸ்டர் புகைந்துவிடும். 22 ஓம் வைத்தபோது, அதாவது 1.1 ஆம்பியருக்கு, தாக்குப்பிடித்தது. 10 ஓம் வைத்ததும், 2.4 ஆம்பியர் கேட்டதும், வோல்டேஜ் சரிந்து டிக் டிக் ஆரம்பம். 5 ஆம்பியர் என்று சொன்னது அதில் பாதிக்கே பல்லிளித்துவிட்டது. (வண்டி பல்பை லோடாக வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும், நல்ல சப்ளைகூட அப்போது அணையக்கூடும். அதனால் பல்பின் தீர்ப்பை நம்ப வேண்டாம்.)

அப்புறம்தான் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அது டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கிப் பக்கத்தில் போர்டின் மேலும் படிந்திருந்தது. அடியில் தொழிற்சாலையே அச்சடித்த எழுத்து: 24 வோல்ட், 1.5 ஆம்பியர். வெறும் 36 வாட்! மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மெயின் கெப்பாசிட்டர் 33 மைக்ரோஃபாரட். 230 வோல்ட் லைனில் வாட்டுக்கு ஒரு மைக்ரோஃபாரட் என்பது பொதுவான கணக்கு. 120 வாட்டுக்கு 100-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும். சைக்கிள் டயரை மாட்டி லாரி ஓட்டச் சொன்ன கதைதான்.

பணம் போனதைவிட எனக்குப் பதற்றம் தந்தது வேறு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பித்துண்டைச் சால்டர் செய்திருக்கிறார்கள். மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் காயிலுக்கும் அதே வைத்தியம். மெயின்ஸ் (வீட்டு 230 வோல்ட்) பக்கத்தையும் 24 வோல்ட் பக்கத்தையும் இணைக்கும் நீலநிறக் கெப்பாசிட்டரில் ஒய்1 அல்லது ஒய்2 என்ற பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். இதில் 222, 1 கிலோவோல்ட் என்பதோடு சரி. சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டர். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக 24 வோல்ட் பக்கத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து நாம் கையில் பிடிக்கிற கருவிக்கு. போர்டின் அடியில் இரண்டு பக்கத்துத் தடங்களுக்கும் நடுவே 6 மில்லிமீட்டராவது இடைவெளி எதிர்பார்ப்போம், இங்கே ஒரு மூலையில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

ரெசிஸ்டர் சோதனையின் வீடியோவை அனுப்பினேன். "5 ஆம்பியர் என்பது பீக்" என்று பூசி மெழுகினார். எவ்வளவு நேரத்துக்குப் பீக் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. ரொம்ப வற்புறுத்தியதும் மாற்றுப் போர்டு வந்தது. ஸ்டிக்கரில் இப்போது 6 ஆம்பியர்! உரித்தால் அதே போர்டு, அதே 33 மைக்ரோஃபாரட், ஃபியூஸ் இடத்தில் அதே கம்பி. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது, ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்றார். பொய்யை மறைக்க ஒட்டியதே அவருக்கு வாரண்டி சீலும் ஆகிவிட்டது. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் அசையவில்லை.

இப்போதைக்கு லேப்டாப் அடாப்டரிலேயே வேலை நடக்கிறது. 19 வோல்ட்டில் 45 வாட்தான் கிடைக்கும், சூடேறச் சில நொடிகள் கூடுதலாகும், மற்றபடி குறையில்லை. டிப்பின் உடலுக்குத் தனியாக எர்த் கொடுத்திருக்கிறேன். நல்ல அடாப்டரிலும் கொஞ்சம் கசிவு இருக்கும், கைக்குச் சுரீர் என்பதோடு போகும், ஆனால் மாஸ்ஃபெட் மாதிரி நுட்பமான எலக்ட்ரானிக் பாகங்கள் கெட்டுப்போக அதுவே போதும்.

இந்தப் போர்டு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், ஃபியூஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி தெரிந்தால் எல்.ஈ.டி. பட்டைக்குக்கூட அதை மாட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய கையோடு போர்டைத் திருப்பவும் வேண்டாம். மெயின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியோடு அதன் இரு கால்களிலும் வைத்துச் சார்ஜை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்ததைப் பார்த்த பிறகு தொடுங்கள்.