டிஎஸ்பிக்கு கிளாக் யார் தருவது? மூன்று வழிகளும் என் தேர்வும்

வீட்டு ஸ்பீக்கருக்கு ஆக்டிவ் கிராஸ்ஓவர் (ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிப்பது) செய்ய டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலியைக் கணக்கிட்டு மாற்றும் சிப்) போர்டு வாங்குகிறவர்கள் ஃபில்டரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஃபில்டர் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. டிஜிட்டல் ஒலி பிட் பிட்டாக வந்து போகும் சீரியல் ஆடியோ போர்ட்டைச் சரிப்படுத்தத்தான் வாரக்கணக்கில் ஆனது. என்னிடம் இருந்த சோர்ஸ் இரண்டு: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (இனி 'பை'), டிவியின் ஆப்டிகல் அவுட். முதலில் அனலாக் டிவைசஸின் ஏடிஏயு1701, பிறகு அதே நிறுவனத்தின் ஏடிஏயு1452 என இரண்டு சிப்பிலும் முயன்று பார்த்தேன். இப்போது 1452-இல் உள்ள ஏஎஸ்ஆர்சியை (வேறு கிளாக்கில் வரும் ஒலியை நம் கிளாக்குக்கு மாற்றும் பகுதி) நம்பி உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

டேட்டா எந்த ஒழுங்கில் வரும் என்ற ஃபார்மேட் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ2எஸ் என்றால் எல்ஆர் கிளாக் (இடது, வலது சேனலைக் குறிக்கும் சிக்னல்) மாறி ஒரு பிட் தள்ளித்தான் டேட்டா தொடங்கும். லெஃப்ட் ஜஸ்டிஃபைடு என்றால் உடனே தொடங்கும். அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரே அமைப்பில் இருந்தால் போதும். மாறிப்போனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லெஃப்ட் ஜஸ்டிஃபைடாக வருவதை ஐ2எஸ் என்று வாசித்தால் முதல் பிட் தொலைந்துவிடும். அப்போது மெல்லிய இசை சரியாகவே, 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். சத்தமான இடம் வந்ததும் கிழியும். ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் கிளாக்கில்தான், அதாவது ஒவ்வொரு சாம்பிளும் (ஒலியின் ஒரு கண அளவு) எப்போது வர வேண்டும் என்று சொல்லும் துடிப்பில். 48 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 48,000 சாம்பிள்) என்று இரண்டு கருவிகள் சொன்னாலும் கிளாக்கை உண்டாக்கும் இரண்டின் கிரிஸ்டலும் ஒன்றாக ஓடாது. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள். 48,000-க்குக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 2.4 சாம்பிள். அந்தச் சாம்பிள்கள் எங்கேயாவது விடுபடவோ இரட்டிக்கவோ வேண்டும். தாள வாத்தியத்தில் இது காதில் விழவே விழாது. புல்லாங்குழலில் ஒரு நீண்ட சுரம் வரட்டும், 'டிக்' என்று கேட்கும். ஆகவே இணைப்பில் யாராவது ஒருவர் கிளாக் தரும் மாஸ்டர், மற்றவர்கள் எல்லாம் அதைப் பின்பற்றும் ஸ்லேவ். அந்த மாஸ்டர் யார் என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதல் வழி, பை மாஸ்டர், டிஎஸ்பி அதன் பின்னால். வயரிங்கில் இதுதான் எளிது. ஆனால் 1701-க்கு மாஸ்டர் கிளாக் வேண்டும், அதாவது சிப் ஓடுவதற்கான தனி கிளாக். பையின் ஐ2எஸ் பின்களில் அது கிடையாது. இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1701-இன் பிஎல்எல் (வரும் கிளாக்கிலிருந்து சிப்பின் உள் கிளாக்கை உருவாக்கும் சுற்று) சாம்பிள் ரேட்டின் 64 மடங்கு கிளாக்கையும் ஏற்கும். 64 பிட் ஃப்ரேமில் (இரு சேனலின் சாம்பிளும் சேர்ந்தது) பிட் கிளாக்கும் (பிட்டுக்கு ஒரு துடிப்பு) அதே 64 மடங்குதான், அதாவது 3.072 மெகாஹெர்ட்ஸ். பிட் கிளாக்கையே மாஸ்டர் கிளாக் பின்னுக்கும் கொடுத்தேன், பாட்டு வந்தது. ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் தெரிந்தது: பாட்டு நின்றால் பை கிளாக்கையும் நிறுத்திவிடுகிறது. பிஎல்எல் லாக் இழந்து மொத்த டிஎஸ்பியும் தடுமாறும், ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். ட்வீட்டரை நேரடியாக ஆம்ப்ளிஃபையரில் மாட்டியிருப்பவனுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். போதாக்குறைக்கு, டிரைவர் அமைப்பைப் பொறுத்து 16 பிட் பாட்டுக்குப் பிட் கிளாக் 32 மடங்காகக் குறையலாம். பிஎல்எல் எதிர்பார்த்ததில் பாதிதான் வரும்.

இரண்டாவது வழி, டிஎஸ்பி மாஸ்டர், பை ஸ்லேவ். முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல். போர்டில் 12.288 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நிற்காமல் ஓடும், 'டப்' சத்தம் போய்விடும். 1701-இல் மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அதன் சீரியல் இன்புட் எப்போதும் ஸ்லேவ்தான், அவுட்புட் பக்கம் மட்டுமே மாஸ்டர் ஆகும். எனவே அவுட்புட்டின் எல்ஆர் கிளாக், பிட் கிளாக் இரண்டையும் பைக்குக் கொடுப்பதோடு, அதே சிப்பின் இன்புட் கிளாக் பின்களுக்கும் வயர் போட வேண்டும். எம்பி10-இலிருந்து எம்பி4, எம்பி11-இலிருந்து எம்பி5. இந்த இரண்டு வயரைப் போடாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பையில் டிவைஸ் ட்ரீ ஓவர்லேயை (எந்த ஹார்டுவேர் எப்படி மாட்டியிருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) மாற்றி அதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுகளை பையே மென்பொருளில் 48-க்கு மாற்றித் தரும், அதுவும் நல்ல தரத்தில். ஒரே சோர்ஸ், அதுவும் நம் பேச்சைக் கேட்கிற சோர்ஸ் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். 1701 மலிவு, அதற்குள்ளேயே இரண்டு ஏடிசி (அனலாக்கை டிஜிட்டல் ஆக்குவது), நான்கு டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஆக்குவது) இருக்கின்றன.

என் கதை டிவியால் மாறியது. டிவியை ஸ்லேவ் ஆக்க முடியாது. ஆப்டிகலில் டேட்டாவும் கிளாக்கும் ஒன்றாக ஒரே திசையில் வருகின்றன. 'என் கிளாக்கில் அனுப்பு' என்று திருப்பிச் சொல்ல வழியே இல்லை. ஆப்டிகலில் வரும் எஸ்பிடிஐஎஃப் சிக்னலைப் படிக்கும் ரிசீவர் சிப் ஒன்றைச் சேர்த்து 1701 மாஸ்டராக இருக்கும்போதே டிவியை மாட்டினேன். மேலே சொன்ன அந்த 'டிக்' அப்படிக் கேட்டதுதான். டிவியை மாஸ்டர் ஆக்கினால் டிவியை அணைத்ததும் பையின் பாட்டும் போய்விடும்.

மூன்றாவது வழி ஏஎஸ்ஆர்சி. வரும் கிளாக்குக்கும் உள்ளே ஓடும் கிளாக்குக்கும் உள்ள விகிதத்தை அது விடாமல் அளந்து, நம் கிளாக் கேட்கும் நேரத்துக்கான மதிப்பைப் புதிதாகக் கணக்கிட்டுத் தரும். 1452-இல் இப்படி எட்டு ஸ்டீரியோ ஜோடிகள், கூடவே எஸ்பிடிஐஎஃப் ரிசீவர். ஆப்டிகல் மாட்யூலின் அவுட்டை நேரே சிப்பில் கொடுக்கலாம். இப்போது பை தன் கிளாக்கில் வருகிறது, டிவி தன் கிளாக்கில் வருகிறது, டிஎஸ்பி தன் கிரிஸ்டலில் ஓடுகிறது. பாட்டு நின்றால் அந்த ஜோடி மட்டும் லாக் இழந்து மியூட் ஆகும், மற்றதெல்லாம் அசையாது. நாளை இன்னொரு சோர்ஸ் வந்தாலும் கிளாக் ஏற்பாட்டை முதலிலிருந்து யோசிக்க வேண்டாம். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இந்தச் சிப்களை அமைக்கும் மென்பொருளான சிக்மாஸ்டுடியோவில் ஒரு இடத்தில் நிச்சயம் இடறுவீர்கள். சீரியல் போர்ட்டை ஸ்லேவ் ஆக்கினால் மட்டும் போதாது. ரவுட்டிங் மேட்ரிக்ஸில் அந்தப் போர்ட்டை ஏஎஸ்ஆர்சிக்குக் கொடுத்து, அதன் அவுட்புட் ரேட்டை டிஎஸ்பி கோரோடு கட்ட வேண்டும். பிறகு ஸ்கீமாட்டிக்கில் சாதாரண இன்புட் செல்லுக்குப் பதிலாக ஏஎஸ்ஆர்சி இன்புட் செல்லைப் போட வேண்டும். நான் பழைய செல்லையே விட்டிருந்தேன். பாட்டு வந்தது, 'டிக்'கும் கூடவே வந்தது. பாட்டு வருகிறதே என்பதால்தான் தவறு அங்கே இருக்கும் என்று சந்தேகமே வரவில்லை.

'பிட் மாறாமல் வர வேண்டும், ஏஎஸ்ஆர்சி கெடுத்துவிடும்' என்பவர்களை நான் ஏற்கவில்லை. வால்யூமும் கிராஸ்ஓவரும் வந்த பிறகு எந்த பிட்டும் பழையபடி இருப்பதில்லை. இந்த ஏஎஸ்ஆர்சியின் டைனமிக் ரேஞ்ச் 139 டெசிபல். என் டிஏசி எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. தாமதம் ஒரு மில்லிவினாடி அளவில் சேரும். ஊஃபர், ட்வீட்டர் இரண்டும் அதற்குப் பிறகே பிரிவதால் கிராஸ்ஓவர் பாதிக்காது.

விலை கொடுக்கத்தான் வேண்டும். 1452-க்குள் ஆடியோ ஏடிசியும் இல்லை, டிஏசியும் இல்லை, தனியாக வாங்க வேண்டும். 72 பின், வெளியே நீளும் கால்களே இல்லாத பேக்கேஜ். கையால் சால்டர் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை, தயார் போர்டுதான் வாங்கினேன். தானாக பூட் ஆக எஸ்பிஐ இணைப்புள்ள ஈப்ராம் (நிரலைச் சேமிக்கும் நினைவகச் சிப்) வேண்டும், 1701-க்கு வைத்திருந்த ஐ2சி ஈப்ராம் உதவாது.

டிவியின் ஆடியோ அமைப்பை மறக்காமல் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று வையுங்கள். டால்பி டிஜிட்டலில் விட்டால் ஏஎஸ்ஆர்சியால் ஒன்றும் செய்ய முடியாது. டிடிஎம் 8-ஐ (ஒரே டேட்டா வயரில் எட்டு சேனல்) ஒரே ஒரு கோடெக்கோடு (ஏடிசி, டிஏசி சேர்ந்த சிப்) ஒரு வார இறுதியில் மட்டும் ஓட்டியிருக்கிறேன். 12.288 மெகாஹெர்ட்ஸ் பிட் கிளாக், ஒரு சாண் நீள ஜம்பர் வயரில் தடுமாறியது; வயரைப் பாதியாக்கி, அனுப்பும் பக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டர் வைத்ததும் தடுமாற்றம் நின்றது. இதற்கு மேல் டிடிஎம் பற்றிச் சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை.