சிவஞானபோதத்துக்குள் எந்த வழியாகப் போவது?

சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் மொத்தம் 12 நூற்பா (சூத்திரம்), 40 அடி. அதிலும் முதல் நூற்பாவின் மூன்று அடியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். புதிதாக வாசிக்க வருபவருக்குப் பொதுவாக மூன்று வழிகளைச் சொல்வார்கள்: நேராக மூலம், உரையோடு மூலம், அல்லது முதலில் ஓர் எளிய நூல்.

எளிய நூல் என்றால் பெரும்பாலும் உண்மை விளக்கம். மாணவர் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் வெண்பாக்கள். 36 தத்துவம், ஆணவம் (உயிரை மறைக்கும் மலம்), ஐந்தெழுத்து (நமசிவாய மந்திரம்) எல்லாம் சிக்கலில்லாமல் பிடிபடும். ஆனால் அதில் வாதம் குறைவு. கலைச்சொல் பழக அது போதும், அங்கேயே தங்கிவிடக் கூடாது.

மூலத்தை மட்டும் எடுத்தால் வேறு சிக்கல். 'அவன் அவள் அதுவெனும் அவை மூவினைமையின்' என்பதில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்ததுதான். யாருடைய வாதத்துக்கு விடையாக மெய்கண்டார் இதைச் சொல்கிறார் என்பதுதான் தெரியாது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நூற்பாக்களோடு மெய்கண்டாரின் வார்த்திகமும், அதாவது அவரே தந்த விளக்கமும், உண்டு. மேற்கோள் (நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு வெண்பா என்று ஒவ்வொரு கருத்தும் அதில் நிறுவப்படுகிறது. உலகம் தோன்றி நின்று அழிவது என்பது மேற்கோள். தோன்றுவதும் முடிவதும் இருக்கிற பொருளுக்கே உரியவை, இல்லாத பொருளுக்கு அல்ல என்பது ஏது. இந்த ஏதுவைப் படித்த பிறகுதான் நூற்பா ஒரு வாதமாகத் தெரியும். அதனால் நூற்பாவை மட்டும் அச்சிட்ட பதிப்பு வேண்டாம்.

உரை என்றதும் எல்லாரும் கைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியத்தை. தமிழில் தத்துவ உரைநடை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அதைவிடச் சிறந்த நூல் எனக்குத் தெரியாது. ஆனால் இலக்கணம், ஆகமம், தருக்கம், பிற சமய மறுப்பு எல்லாம் ஒன்றாக வந்து விழும். தொடக்கத்திலேயே திறந்தால், நமக்குள் கேள்வி எழும் முன்பே அவருடைய விடை வந்துவிடுகிறது. முதல் வாசிப்புக்கு அவருடைய சிற்றுரையே போதும்.

எனக்குப் பிடித்த வழி இம்மூன்றிலும் இல்லை. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில், தம் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கமும் இதே 12 நூற்பா வரிசையில்தான் நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, போதத்தில் ஒரு நூற்பாவும் வார்த்திகமும், அப்புறம் சித்தியாரில் அதே பகுதி என்று போகலாம். முதல் நூற்பாவுக்கான இரண்டாம் பாட்டிலேயே, 'உலகம் அநாதி என்று முன்னோர் சொல்லியிருக்க, தோற்றம் உண்டு என்பது எப்படி?' என்ற தடை எழுப்பப்படுகிறது. நாம் கேட்க நினைத்ததை எதிராளியே கேட்டுவிடுகிறார்! போதம் சுருக்கி வைத்த வாதம் இங்கே விரிகிறது.

இதில் வேகம் கிடைக்காது. ஒரு நூற்பாவுக்கு ஒரு வாரம் ஆனாலும் சரி, அடுத்ததற்குத் தாவ வேண்டாம். இப்படி 12ஐயும் முடித்தவர் மாபாடியத்தைத் திறக்கும்போது, சிவஞான முனிவர் எந்த இடத்தில் யாரோடு வாதாடுகிறார் என்பதை அடையாளம் கண்டுகொள்வார்.