ஒற்றைக்கால் பயிற்சி: வெறுந்தரையா, பேலன்ஸ் போர்டா?

ஒரு காலில் பலம் குறைந்து இடுப்பு சாயும் வீரர்கள் வெறுந்தரையிலா, பேலன்ஸ் போர்டிலா (ஏறி நின்றால் ஆடும் பலகை), எதில் தொடங்குவது?

செலவு: தரைக்கு எதுவுமில்லை. போர்டு வாங்க வேண்டும்.

பிழை தெரிவது: கண்ணாடி முன் வெறுங்காலோடு 30 விநாடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கினால், நிற்கும் காலின் பக்கவாட்டுப் பிட்டத் தசை பெரும்பாலும் பலவீனம். முட்டி உள்ளே சாய்கிறதா என்றும் பாருங்கள். போர்டிலோ உடம்பே ஆடுவதால் இவை கண்ணில் படாது.

பலம்: தரையில் எடையோடு ஒற்றைக்கால் டெட்லிஃப்ட் (ஒரு காலில் நின்று, இடுப்பிலிருந்து முன்னே குனிந்து நிமிர்வது), 8 முறை, 3 சுற்று. பலவீனமான காலில் தொடங்கி, மற்றதற்கும் அதே எண்ணிக்கை. போர்டில் எடை தூக்கவே வேண்டாம்.

கணுக்கால்: இதில் போர்டுதான் நல்லது.

ஆக, இடுப்பு, முட்டி கோணலுக்குத் தரை. அடிக்கடி கணுக்கால் சுளுக்குபவர், தரையில் 30 விநாடி ஆடாமல் நிற்கப் பழகியபின் போர்டில் ஏறலாம், சுவர் கைக்கெட்டும் தூரத்தில்.