இருநூறா, நானூறா?

முள்ளியவளையிலோ மாங்குளத்திலோ, பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் எல்லோரையும் முந்துகிற பெண்பிள்ளையை எந்தத் தூரத்துக்குப் பழக்குவது?

பலருக்கும் முதலில் நினைவு வருவது சுசந்திகா ஜயசிங்கவின் 200 மீற்றர். 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் வெள்ளி. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 22.28 செக்கன், வெண்கலம். அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸின் பதக்கங்கள் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகு அது வெள்ளியானது. 2007இல் ஒசாகாவில், முப்பது வயதைத் தாண்டியும் உலக வெண்கலம். எத்தனை பெரிய ஓட்டம்!

ஆனால் 200 மீற்றர் புறப்பாட்டிலும் வளைவிலும் முடிவாகிவிடும். சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரையில் வளைவு இறுக்கமாக இருக்கும், வெறுங்கால் வழுக்கும். புறப்பாட்டுக் கட்டையைப் பிள்ளை மாகாணப் போட்டியில்தான் முதன்முதலாக மிதிப்பாள். அங்கே இழக்கும் அரைச் செக்கனை மீட்க முடியாது.

400 மீற்றரில் அந்த இழப்பை ஈடுகட்ட இடமுண்டு. கடைசி நூறு மீற்றரில் தொடைகள் கல்லாக இறுகும்போதும் கை வீச்சைத் தளரவிடாமல் ஓடுவதை எந்த மைதானத்திலும் பழகலாம். இலங்கையின் இன்னொரு ஓட்ட வீராங்கனை தமயந்தி தர்ஷா 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டில் 200, 400 ஆகிய இரண்டு தூரத்திலும் தங்கம் வென்றார். ஆகவே நானூறைப் பழகினால் வேகம் செத்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

நான் நானூறையே சொல்வேன். ஒரு நிபந்தனை: காலைப் பயிற்சிக்கு வெறுவயிற்றோடு அனுப்பாதீர்கள். அவித்த கடலையோ பயறோ கட்டாயம் கொடுங்கள்.